தடுக்க மட்டும்

கட்டைவிரலில் மாட்டிய துணியைப் புறங்கை மேலாக இழுத்து மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மங்கையர்க்கரசிக்கு மிக்ஸி ஞாபகம் வந்துவிட்டது. ஜாரை எடுத்துத் துணி பீரோவுக்குள் வைத்தோமா? வைத்தாயிற்று, சேலைகளுக்கு அடியில், படுக்கப் போகும் முன்பே. அப்படி ஒளித்து வைக்காவிட்டால் சிவநேசன் எழுந்ததும் சட்னி அரைக்கிறேன் என்று போட்டுவிடுவார், போட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வார், அதற்குள் உள்ளறையில் மகன் பரிதி எழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நடக்க ஆரம்பித்திருப்பான், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கு, அந்த நடை வேகமெடுத்தால் அடுத்தது என்ன என்று வீட்டில் இரண்டு பேருக்கும் தெரியும். துணி முறுக்கிக்கொண்டது. பிரித்து மறுபடி சுற்றினாள். விரல்களுக்கு நடுவே விட்டு எடுக்க வேண்டும், சுருக்கம் விழுந்தால் அந்த இடத்தில் தோல் உரியும் என்று ரெஜினா முதல் நாளே சொல்லியிருந்தாள். பெரம்பூரில் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்தக் கூடம். தரையில் ரப்பர் விரிப்பு, கூரையிலிருந்து சங்கிலியில் தொங்கும் மூட்டைகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. காலை வகுப்பு பெண்களுக்கு மட்டும். நாற்பத்தாறு வயதில் குத்துச்சண்டை பழக வந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். மற்றவர்கள் கல்லூரிப் பெண்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் இளைக்க வந்தவர்கள். வீட்டில் அவள் வாக்கிங் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னது உண்மைதான், அதனால் அது முழுப் பொய் இல்லை. பயிற்சி தருகிற ரெஜினாவிடம் உடம்பு குறைய வேண்டும் என்று சொன்னாள். அதுவும் முழுப் பொய் இல்லை. முழுப் பொய்யும் இல்லாத முழு உண்மையும் இல்லாத ஒரு சந்து வழியாகத்தான் இந்த மூன்று வாரமாக அவள் போய்வந்துகொண்டிருக்கிறாள்.

கண்ணாடி முன்னால் எல்லோரும் வரிசையாக நின்று இடது கால் முன்னே, வலது கால் பின்னே, முட்டியை இளக்கி, ஆடத் தொடங்கினார்கள். கை இரண்டும் கன்னத்தோரம். மங்கை தன் முகத்தைப் பார்க்காமல் கழுத்துக்குக் கீழே பார்த்தாள். முகத்தில், இடது கன்ன எலும்பின் மேல், பவுடர் பூசி மறைத்த இடம் வேர்வையில் கரையத் தொடங்கியிருக்கும். முந்தாநாள் சாயங்காலம். கரண்ட் போய் மின்விசிறி நின்றது, அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றுமில்லை, ஊருக்கெல்லாம் மின்விசிறி நின்றது, பரிதிக்கு மட்டும் அது நின்றபோது உலகத்தில் வேறு என்னவோ நின்றுபோனது. அவள் பக்கத்தில் போனாள். போகக்கூடாது, தள்ளி நிற்க வேண்டும், தள்ளி நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. கிணற்றுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறவன் முகம் அது. யாராலும் தள்ளி நிற்க முடியாது. கை வந்தது. அவன் கை பெரியது, அவனுடைய அப்பாவின் கை, அதில் அவளைப் பார்த்து வருகிற கோபம் என்று ஒன்று கிடையாது, காற்றில் கிளை வீசி அடிப்பதைப் போல வரும். வலியை அவள் பெரிதாக எண்ணவில்லை. வலி எத்தனை நேரம் இருக்கும். விழுவதுதான். போன மாதம் அப்படி ஒரு அடியில் கால் இடறி, வாஷிங் மெஷின் விளிம்பில் தலை பட்டு அவள் கீழே கிடந்தாள், கண் திறந்திருந்தது, எழ முடியவில்லை, அவன் அவளைக் குனிந்து பார்த்தான், அம்மா தரையில் கிடக்கும் காட்சி அவன் உலகத்தில் இல்லாத காட்சி, அவன் அலறினான், சுவரில் தன் நெற்றியை மோதினான், மறுபடி மறுபடி மோதினான், அவள் தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம். தேங்காய் உடைகிற மாதிரி என்று நினைத்து, அப்படி நினைத்ததற்காக இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. மறுநாள் அவன் நெற்றிக்கு மருந்து வாங்கப் போன கடைக்கு எதிரேதான் டயர் கடை, அதன் மேலே பெண்களுக்குத் தனி வகுப்பு என்று பலகை. அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அடி வாங்கியும் விழாமல் நிற்பது எப்படி.

இறக்காதீங்க, கை இறங்குது, என்று ரெஜினா யாரையோ சொல்லிக்கொண்டே போனாள். தன்னைத்தானோ என்று மங்கை கையை ஏற்றினாள். தோள் எரிந்தது. கீழே தண்டவாளத்தில் ரயில் ஒன்று மெதுவாகப் போயிற்று, அந்தத் தடதடப்பு பரிதிக்குப் பிடிக்கும், அதை எப்படித்தான் பிரித்துப் பார்க்கிறானோ, ரயில் பிடிக்கும் மிக்ஸி பிடிக்காது, வாஷிங் மெஷின் சுற்றும்போது அதன் மேல் காதை வைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு முனகல் பாடுவான், பாட்டு இல்லை, ஒரே சுருதி, மெஷினுடைய சுருதியே அது, அதைக் கேட்டால் அன்றைக்கு வீடு நல்லபடியாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போது அந்த முனகல் குறைந்துவிட்டது. மாத்திரையைக் கூட்டியதிலிருந்து. கூட்டினால் கை நீட்டுவது குறையும் என்றார்கள், குறைந்தது முனகல்தான், கை அப்படியேதான் இருக்கிறது, வாயோரம் எச்சில் வடிகிறது, அதைத் துடைக்கும்போது அவன் அவள் முகத்தை எங்கேயோ தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி பார்க்கிறான். அவன் எதற்கு அடிக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை தெரிந்தது. பதினைந்து வயதில், அவளை உயரத்தில் எட்டிப் பிடித்த வருஷம், நாலைந்து நாள் தொடர்ந்து எல்லோரையும் அடித்தான், தன்னையும் அடித்துக்கொண்டான், கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை, ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. பல் வலிக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் அந்த நாலைந்து நாள் அவன் உள்ளே எப்படி இருந்திருப்பான். அன்றிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் அவள் அவன் வாயைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், எங்கோ ஒரு பல் இருக்கிறது, எல்லா அடிக்கும் பின்னால் ஒரு பல் இருக்கிறது, தனக்குத்தான் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. சிவநேசன் அப்படி நினைக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. செங்கல்பட்டு தாண்டி ஒரு இல்லம் இருக்கிறது, மரமெல்லாம் இருக்கிறது, இவனைப் போன்றவர்கள் அங்கேயே தங்குகிறார்கள், ஒரு இடம் காலியாகியிருக்கிறது, இந்த வாரத்துக்குள் பதில் சொல்லக் கேட்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துச் சொன்னார். என்னைக்காவது நீ விழுந்து எழுந்திரிக்காம போயிட்டா அவனுக்கு யாரு இருக்கா மங்கை, என்று கேட்டார். அதற்கு அவள் நான் விழமாட்டேன் என்றாள். அவர் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டார். அவள் ஒரு தகவலாகத்தான் சொன்னாள்.

மூட்டைக்கு வந்தார்கள். இங்கேதான் அவளுக்குச் சிக்கல். முதல் வாரத்திலேயே ரெஜினாவிடம் சொல்லிப் பார்த்தாள், எனக்குக் குத்தத் தெரிய வேண்டாம், தடுக்க மட்டும் சொல்லிக்கொடுங்கள் என்று. ரெஜினா முப்பது வயசுக்காரி, மாநில அளவில் ஆடி மூக்கு ஒரு தடவை உடைந்தவள், சிரித்தாள். அப்படித் தனியாக ஒன்று கிடையாது என்றாள். தடுப்பதும் குத்துவதும் ஒரே அசைவின் இரண்டு பாதி, மூச்சை இழுத்துக்கொண்டே இருக்க முடியுமா, விட வேண்டாமா என்றாள். மங்கைக்கு அது புரிந்தது, ஆனாலும் மூட்டை முன்னால் நின்றால் கை போகவில்லை. போகும், தொடும், குழந்தை முதுகில் தட்டுவது போல் தொட்டுவிட்டு வந்துவிடும். மூட்டையின் தோலில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருந்தது, மார்பு உயரத்தில், அவள் அந்த ஒட்டைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். பக்கத்து மூட்டையில் ஷமீமா அடிக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. ஷமீமா போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறவள், ஒடிசலான பெண், எங்கிருந்து அத்தனை பலம் என்று தெரியாது. அக்கா, யாரையாவது நெனச்சுக்கிட்டு குத்துங்க, என்று முதல் வாரம் யோசனை சொன்னாள். மங்கை யோசித்துப் பார்த்தாள், உண்மையிலேயே யோசித்தாள். யாரை? வேறு குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று அவனைப் பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொன்ன அந்த அம்மாளையா, அவளும்தான் அழுதாள். லிஃப்டில் இவர்களைக் கண்டால் மாடிப்படியில் ஏறிப் போகிற கீழ்வீட்டுக்காரரையா. கையை நீட்டிக் குத்துகிற அளவுக்கு ஒருவர் முகமும் நிற்கவில்லை, எல்லோரும் கொஞ்சநேரம் நின்று, தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட்டு விலகிப் போனார்கள். கடைசியாக ஒரு முகம் வரப்பார்த்தது. அவள் சட்டென்று மூட்டையைக் கட்டிப் பிடித்து நிறுத்தினாள், அது ஆடுகிறது என்பதைப் போல.

தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் ரெஜினா அவளை நிறுத்தினாள். கன்னத்தைப் பார்த்துவிட்டாள். வேர்வை பவுடரைக் கொண்டுபோயிருந்தது. மங்கை கதவு இடித்துக்கொண்டது என்றாள், அந்தப் பொய்யை அவள் தயாராக வைத்திருந்தாள், பால்காரரிடமும் எதிர்வீட்டிலும் சொல்லிச் சொல்லி அது நன்றாகத் தேய்ந்து பொருந்தியிருந்தது. ரெஜினா துண்டால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துக் கேட்டாள்.

"கதவு இப்டி இடிக்காதுக்கா. வீட்டுக்காரரா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். ரெஜினா நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பாததில் ஒரு கனிவு இருந்தது, அந்தக் கனிவு சிவநேசன் மேல் போய் விழுவதை மங்கையால் பொறுக்க முடியவில்லை, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை கை ஓங்காத மனுஷன், அவர் முதுகிலும்தான் பரிதியின் பற்கள் பதிந்த தடம் இருக்கிறது.

"என் பையன்," என்றாள்.

சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லாதது. டாக்டரிடம்கூட, சில சமயம் கை வீசுவான், என்றுதான் சொல்வாள், என்னை அடிக்கிறான் என்று சொன்னதில்லை. இரண்டு வார்த்தைதான், வாய்க்குள்ளிருந்து ஒரு பல் விழுந்ததைப் போல விழுந்தது. இனி மிச்சத்தையும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பேச்சு வராது, அவன் அப்படிப்பட்டவன் இல்லை, அவனுக்கு ஒலிகள் வலிக்கும், இரண்டு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தான், காது கேட்கவில்லையோ என்று தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தோம், அங்கேயிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தால் இந்தக் காலை போதாது, எந்தக் காலையும் போதாது. ரெஜினா முகம் அதற்குள் மாறிவிட்டது. குடிப்பானா, காசு கேட்டு அடிக்கிறானா என்று கேட்டாள். மங்கை வாயைத் திறந்தாள். இல்லை என்கிற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அந்த நேரம் அடுத்த சுற்றுக்கான மணி அடித்தது, ரெஜினா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"பெத்த புள்ளன்னு பாக்காதீங்கக்கா. ஒரே ஒரு தடவ திருப்பிக் குடுங்க. அப்புறம் கை நீட்ட மாட்டான்."

போய்விட்டாள். அவள் போன பிறகும் அவள் கை இருந்த இடம் தோளில் சூடாக இருந்தது. மங்கை கேன் பக்கத்திலேயே நின்றாள். இப்போது ரெஜினாவின் மனதில் ஒரு பையன் இருக்கிறான். கண் சிவந்தவன், சட்டைப் பொத்தான் போடாதவன், தெருமுனையில் நின்றுவிட்டு வந்து அம்மாவின் நகையைக் கேட்கிறவன். அந்தப் பையனுக்குத் தன் பரிதியின் இடத்தைக் கொடுத்துவிட்டாள். தடுக்கவில்லை. பின்னாலேயே போய்ச் சொல்லலாம், இன்னும் சொல்லலாம், ரெஜினா பத்தடி தூரத்தில்தான் நிற்கிறாள். ஆனால் உண்மையைச் சொன்னால் அடுத்து என்ன வரும் என்பது அவளுக்கு மனப்பாடம். முகத்தில் முதலில் ஒரு பாவம் வரும், பிறகு அந்த ஒரு கேள்வி, எங்கேயாவது சேர்த்துவிடக்கூடாதா என்று. பொய்ப் பையனாக இருந்தால் அவனைத் திருத்தலாம் என்கிறார்கள். உண்மையான பையனாக இருந்தால் அனுப்பு என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது. உள்ளங்கையில் கட்டியிருந்த துணி நனைந்து கனத்துப்போயிருந்தது.

ஜோடி சேர்த்து நிற்க வைத்தார்கள். அவளுக்கு ஷமீமா. ஒருத்தி இடது கையை மெதுவாக நீட்டுவாள், மற்றவள் அதை வலது கையுறையில் வாங்கித் தட்டிவிட்டு, அதே கையால் திருப்பித் தொட வேண்டும். வாங்கு, குடு. வாங்கு, குடு. ரெஜினா நடுவில் நின்று கைதட்டித் தாளம் போட்டாள். முதலில் மங்கை வாங்கினாள், குடுக்கவில்லை. குடுங்கக்கா என்றாள் ஷமீமா. குடுத்தாள், காற்றில் போயிற்று. மறுபடி. உறை உறையில் படுகிற சத்தம் பட் என்று கேட்டது, பிறகு பட் பட், கால் தானாக இடம் மாறியது, யார் சொல்லி மாறியது என்று தெரியவில்லை, மூச்சு மூக்கு வழியாக ஒரு சின்னச் சீறலாக வந்தது, வாங்கு, குடு, ஷமீமாவின் தோள் அசைவது முன்கூட்டியே தெரிந்தது, கை கிளம்புவதற்கு முன்னால் தோள் சொல்லிவிடுகிறது, இது தெரியாமல் இத்தனை வருஷம் கையையே பார்த்துக்கொண்டிருந்தோமே என்று ஒரு நினைப்பு வந்து, அதுவும் நிற்காமல் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கொஞ்சநேரம் உண்மையிலேயே ஒன்றுமில்லை. பரிதி பிறந்ததிலிருந்து அவள் தலைக்குள் ஒரு காது எப்போதும் பக்கத்து அறையைக் கேட்டுக்கொண்டே இருக்கும், தூக்கத்தில், குளிக்கும்போது, சாவு வீட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து அழும்போதுகூட, அந்தக் காது மூடிக்கொண்டது. பக்கத்து அறையே இல்லை. உடம்பு மட்டும் இருந்தது, சூடாக, கனமாக, தன்னுடையதாக. சிரித்தோமோ என்று பிறகு யோசித்தாள். சிரித்திருக்கலாம். வேகத்தைக் கூட்டுங்கள் என்று ரெஜினா சொன்னது எங்கேயோ கேட்டது. ஷமீமா கூட்டினாள். ஒரு கை, மெதுவாக வர வேண்டியது, கொஞ்சம் வேகமாக வந்து உறையின் ஓரத்தில் வழுக்கி இடது கன்னத்தில், அந்த இடத்திலேயே, பட்டது.

கண்ணில் ஒரு வெள்ளை. அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அதற்கப்புறம் தெரிந்தபோது ஷமீமா இரண்டடி பின்னால், குனிந்து, உறையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், மங்கையின் வலது கை நீண்ட இடத்திலேயே நீண்டிருந்தது, முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் ஒரு அதிர்வு ஓடி முதுகில் இறங்கியது. ஷமீமா கையை எடுத்தாள். உதடு கிழிந்து, பற்களில் ரத்தம். அந்தப் பற்களைக் காட்டிச் சிரித்தாள். செமக்கா, என்றாள். யாரோ கைதட்டினார்கள். ரெஜினா ஓடி வந்து ஷமீமாவின் உதட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, ஐஸ் வை என்று அனுப்பிவிட்டு, மங்கையின் பக்கம் திரும்பி, பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறியதைப் போல ஒரு பூரிப்போடு, வந்துருச்சு பாத்தீங்களா, இதுதான், இனிமே இது போகாது, கை கத்துக்கிச்சு, தூக்கத்தில எழுப்பிக் கேட்டாலும் கை சொல்லும், என்றாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். மங்கை தன் கையைப் பார்த்தாள். யாரை அடித்தோம் என்று யோசித்தாள். பரிதியின் முகம் வந்ததா என்று தேடினாள், வந்திருந்தால் அதற்காக அழலாம், பெரியவர் யாரிடமாவது சொல்லி ஆறலாம், ஆனால் வரவில்லை. எந்த முகமும் வரவில்லை. கை யார் என்று கேட்கவில்லை. தோளைக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் பட்டது, போயிற்று, நடுவில் அவள் இல்லை. அதைவிட மோசமானது ஒன்று இருந்தது, அதை அவள் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள். பட்ட கணத்தில் இனித்தது. எலும்பு வரை போய் இனித்தது. இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று கேட்கிற மாதிரி.

ஷமீமாவிடம் மன்னிப்புக் கேட்டாள், ஷமீமா அதைக் காதில் வாங்கவில்லை, நாளைக்கு நான் குடுக்கறேன்க்கா என்று உதட்டில் ஐஸை அமுக்கிக்கொண்டு சொன்னாள். மங்கை துணிகளைப் பிரித்துச் சுருட்டாமல் அப்படியே பைக்குள் திணித்துக்கொண்டு வகுப்பு முடியும் முன்பே இறங்கினாள். தெருவில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. டயர் கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார்கள், அந்தக் கரகரப்பில் அவள் தோள் இறுகியது, தோள் இறுகியதைக் கவனித்தாள், கவனித்தபடி நடந்தாள். எதிரே சைக்கிளில் வந்தவர் கையை உயர்த்தி யாருக்கோ சைகை காட்டினார், அவள் கை கன்னத்தோரம் போய்விட்டு வந்தது. போய்விட்டு வந்த பிறகுதான் போனது தெரிந்தது. இனிமே இது போகாது. எப்படி இதை மறப்பது, ஒன்றைக் கற்றுக்கொள்வதற்கு வகுப்பு இருக்கிறது, மறப்பதற்கு எங்கே இருக்கிறது. இத்தனை வருஷமாக அவனுக்கு எத்தனை அடி அடித்தாலும் திருப்பித் தராத ஒரே சுவராக அவள் நின்றாள், அதுதான் அவளிடம் இருந்த ஒரே விஷயம், அறிவு இல்லை, மருந்து இல்லை, அந்தப் பல்லைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, ஆனால் அவள் கை திரும்பாது, அதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை, அதை நம்பித்தான் செங்கல்பட்டு வேண்டாம் என்றாள். விழாமல் நிற்கப் பழகப்போய் நிற்கிற இடத்தையே இழந்துவிட்டு வருகிறாள். நடந்து வீடு போகாமல் இப்படியே நடந்துகொண்டிருந்தால் என்ன என்று தோன்றியது. சிவநேசன் எட்டு மணி ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டும். பிறகு சாயங்காலம் வரை வீட்டில் இரண்டே பேர்தான், அவனும் அவளும், அவளோடு இந்தக் கையும். கால் வீட்டுக்குத்தான் போயிற்று. கால் எப்போதும் வீட்டுக்குத்தான் போகும்.

சிவநேசன் கதவைத் திறந்தார். சீக்கிரம் வந்துவிட்டாயே என்றார், பையன் எழுந்துவிட்டான், பால் குடித்தான், அமைதியாகத்தான் இருக்கிறான் என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, நடையின் கடைசியில் பரிதி தெரிந்தான். வேகமாக வந்தான். அவன் எதற்கு வருகிறான் என்பது வந்து சேரும்வரை யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாதோ என்னவோ. கட்டிக்கொள்ளவும் இப்படித்தான் வருவான், அடிக்கவும் இப்படித்தான் வருவான், அவள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் நிற்பாள், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, திறந்து. பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவள் இடது கால் முன்னே போயிருந்தது. இரண்டு கையும் மேலே இருந்தன. பரிதியின் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், முகத்தை இல்லை, தோளை, அது அசைகிறதா என்று, வலது கைக்குள் முழங்கையிலிருந்து ஏதோ திரண்டு வந்துகொண்டிருந்தது, வேண்டாம் என்று அவள் சொன்னாள், வெளியில் சத்தம் வரவில்லை, கையிடம்தான் சொன்னாள், வேண்டாம், வேண்டாம். இழுத்தாள். உடம்பின் மொத்தக் கனத்தையும் போட்டு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரோடு அழுத்தினாள். பரிதி நின்றான். அவன் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை. அவளுடைய இடது முஷ்டி மட்டும் கன்னத்தோரத்தில் தனியாக நின்றது, அதை அவன் ஒரு புதுப் பொருளைப் பார்ப்பதைப் போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தான், முகர்ந்தான், பிறகு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தான். அவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவளுடைய கையைத்தான் எடுப்பான், பிஸ்கட் டப்பாவைத் திறக்க, குழாயைத் திருக, தன் கையை நம்ப மாட்டான். மூடிய கை அவனுக்குப் பயன்படாது. அதைத் திறக்க ஆரம்பித்தான். சுண்டுவிரலை முதலில் நிமிர்த்தினான். அடுத்த விரல் மடங்கிக்கொண்டது, அவசரப்படாமல் மறுபடி நிமிர்த்தினான். நகத்தடியில் சிவந்திருந்த இடத்தில் நின்று, பிறகு தாண்டினான். முழுக்கத் திறந்த உள்ளங்கையை இழுத்துக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கம் நடந்தான், அவள் ஒரு கையை அவனிடம் கொடுத்துவிட்டு, சுவரை விட்டுப் பக்கவாட்டில், ஒரு நண்டு போல, பின்னால் போனாள். என்ன ஆச்சு மங்கை, கை ஏதாவது சுளுக்கிக்கிச்சா என்று கேட்டபடி சிவநேசன் கூடவே வந்தார். பரிதி அவள் விரலை எடுத்து மெஷினின் பொத்தானில் வைத்து அழுத்தினான். காலி மெஷின். உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டதும் காதை மூடியின் மேல் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"செங்கல்பட்டுக்குப் போன் பண்ணுங்க," என்றாள். "வர்றோம்னு சொல்லுங்க."

சிவநேசன் மெஷின் மேல் சாய்ந்திருந்த பையனைப் பார்த்தார். பிறகு, அவன் இன்னைக்கு ஒண்ணும் பண்ணலியே, என்றார். கேட்டவர் குரலில் இத்தனை நாள் இல்லாத ஒரு தயக்கம் இருந்தது, அவளே சம்மதித்துவிட்டால் இனி அவர் யாரிடம் வாதாடுவது என்று தெரியாதவரைப் போல.

"அவன் ஒண்ணும் பண்ணல," என்றாள்.

மெஷின் சுற்றத் தொடங்கியது. பரிதி அவள் இடது கையை விடவில்லை. வலது கையை அவள் முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாள்.